ஊசி முனையில் பெண்மை

தமிழில் 'நூல்' என்னும் சொல் இரு பொருள் தருவது. பஞ்சிலிருந்து திரிக்கும் இழையும் நூல். அறிஞர் எழுதி வைக்கும் ஏடும் நூல். 'பனுவல்' என்னும் சொல்லும் அத்தகையதே. இவ்வொற்றுமையை நன்னூலின் பொதுப்பாயிரம் அழகுற விளக்குகிறது. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, வாயே கை, அறிவே கதிர், நூல் செய்யும் புலவனோ நூற்கும் பெண். இவ்வாறு உருவகம் செய்து, குற்றமற்ற நூல் பிறக்கும் முறையைக் காட்டுகிறது அது. மேலை நாட்டிலும் இதே கருத்து உண்டு. நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல் ஒன்றிலிருந்தே, எழுத்துப் பகுதியைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்ற சொல்லும் துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' என்ற சொல்லும் பிறந்தன.

புலவனுக்கே உவமையாகும் பெருமை நூற்கும் பெண்ணுக்குக் கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அப்பெண் தன் இழையைக் கொண்டு தன் கதையை எழுதினாளா? எழுத உலகம் இடங்கொடுத்ததா? அல்லது, பெண் எப்படி இருக்க வேண்டும், அவள் உடல் எப்படித் தோன்ற வேண்டும் என்று பிறர் வகுத்த இலக்கணத்தைத்தான் அவள் தன் ஊசியால் மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருந்தாளா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காக்கப்பட்டுள்ள துணிகள் இக்கேள்விக்கு விடை கூறுகின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

ஆணுக்கும் உரிய கலை

பூத்தையல் பெண்ணுக்கென்றே பிறந்த தொழில் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பூத்தையல் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தது. 'ஆங்கில வேலைப்பாடு' என்ற பொருள் தரும் 'ஓபஸ் ஆங்கிலிகானம்' என்ற பெயரால் அதனை அழைத்தனர். பொன்னிழையும் பட்டிழையும் கொண்டு திருத்தொண்டர்களின் உருவங்களைத் தைத்த அங்கிகளைப் போப்பாண்டவரும் பேராயர்களும் விரும்பி அணிந்தனர். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் உள்ள 'சையன் அங்கி' அக்காலத்துக்குச் சான்று. இவ்வேலையைப் பட்டறைகளில் ஆடவரும் பெண்டிரும் ஊதியம் பெற்றுச் செய்தனர். 1561-ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியார் இலண்டன் பூத்தையற்காரர் சங்கத்துக்குப் பட்டயம் வழங்கினார் என்றால், அத்தொழிலுக்கு அன்றிருந்த மதிப்பை உய்த்துணரலாம்.

பின்னர் என்ன நேர்ந்தது? உயர்ந்த ஊதியமும் புகழும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் சென்றன. ஊசி மெல்ல மெல்ல வீட்டுக்குள் நுழைந்து பெண்ணின் மடியில் அமர்ந்தது. 1768-ஆம் ஆண்டில் இலண்டனில் அரச கலைக் கழகம் நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1770-இல், அக்கழகம் ஒரு விதி செய்தது. தையல் வேலை, செயற்கைப் பூக்கள், வெட்டு காகிதம், சிப்பி வேலை ஆகியவற்றைக் கண்காட்சியில் ஏற்பதில்லை என்பதே அவ்விதி. பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் கலைகள் பெரும்பாலும் அவ்வொரு வரியில் அடங்கிவிட்டன. ஓவியன் செய்தால் கலை. வீட்டுப் பெண் செய்தால் பொழுதுபோக்கு என்ற பிரிவினை சட்டமாயிற்று.

எட்டு வயதில் தொடங்கிய பாடம்

'சாம்ப்ளர்' என்று ஒரு துணி உண்டு. தையல் வகைகளையும் எழுத்துக்களையும் பழகுவதற்காகச் சிறுமியர் தைக்கும் மாதிரித் துணி அது. ஆண்டு பொறிக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியுள்ள ஆங்கிலச் சாம்ப்ளர்களில் மிகப் பழமையானது 1598-இல் ஜேன் போஸ்டாக் என்பவர் தைத்தது. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த மார்த்தா எட்லின் என்ற பெண், 1660-இல் பிறந்து, எட்டாம் வயதில் வண்ணச் சாம்ப்ளரைத் தைத்தாள். பதினொன்றாம் வயதில், நற்குணங்களைப் பெண்ணுருவில் காட்டும் பூத்தையல் பேழை ஒன்றை முடித்தாள். அவள் தைத்தவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாயிடமிருந்து மகளுக்கு என்று பெண் வழியிலேயே வந்தன. ஆடவர்க்கு நிலம் சொத்தாக வந்ததுபோல், அக்குடும்பத்துப் பெண்டிர்க்குத் தைத்த துணி சொத்தாக வந்தது போலும்!

அச்சிறுமியர் கற்றது தையல் மட்டுமன்று. அக்காலப் பூத்தையல்களில் விவிலியக் கதைமாந்தரான சூசன்னாளும் எஸ்தரும் அடிக்கடி தோன்றுகின்றனர். ஒருத்தி கற்புக்கும் மற்றொருத்தி குடி காத்த துணிவுக்கும் எடுத்துக்காட்டு. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாம்ப்ளர்களில் கீழ்ப்படிதல், அடக்கம், இறையச்சம் பற்றிய அறவுரைகள் மிகுதி. ஒரு சிறுமி அவ்வறவுரையை எழுத்தெழுத்தாக, நாள் கணக்கில் தைத்து முடிப்பதற்குள் அது அவள் நெஞ்சிலும் தைக்கப்பட்டுவிடும்.

அவள் உடலும் பாடம் கற்றது. தைப்பவள் தலை குனிந்திருக்க வேண்டும்; கண் தாழ்ந்திருக்க வேண்டும்; கை மட்டும் சிறிது அசையலாம்; வாய் பேசாதிருந்தால் நலம். நல்ல பெண் எப்படி அமர வேண்டும் என்று சமுதாயம் விரும்பியதோ, அந்த அமைப்பிலேயே ஊசி அவளை அமர்த்தியது. 1984-இல் ரோசிகா பார்க்கர் என்ற கலை வரலாற்றாசிரியை, பூத்தையலும் பெண்மை உருவாக்கப்பட்ட முறையும் பற்றி ஓர் ஆய்வு நூல் எழுதினார். பெண்மை இயல்பாக அமைந்தது என்று கருதியோர்க்கு, அது ஒவ்வொரு தையலாகக் கற்பிக்கப்பட்டது என்று அந்நூல் காட்டியது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த பெரனாக்கான் சீனக் குடும்பங்களில், நோன்யா நங்கையர் மணிவேலையும் பூத்தையலும் இளமையிலேயே பயின்றனர். கடுகினும் சிறிய கண்ணாடி மணிகளைக் கோத்துச் செய்த செருப்பின் நேர்த்தியைக் கொண்டு, மணப்பெண்ணின் பொறுமையையும் வளர்ப்பையும் அளந்தனர். அரும்பொருளகங்களில் அம்மணிச் செருப்புகளைக் கண்டு வியக்கும் நாம், அவற்றுக்குப் பின்னால் இருந்த தேர்வையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தைத்துச் செய்த உடல்

இனி, ஊசி பெண்ணின் உடலையே எவ்வாறு தைத்தது என்று காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மேன்மக்கள் குடிப் பெண்கள் துணியடுக்குகளுக்கிடையே திமிங்கலத் தாடையின் தகடுகளைச் செருகித் தைத்த இறுக்கமான மேற்கச்சை அணிந்தனர். உடலுக்கேற்ப உடையைத் தைப்பது உலக வழக்கு. இங்கே உடைக்கேற்ப உடல் மாற வேண்டியிருந்தது. நிமிர்ந்த முதுகும் கூம்பு போன்ற மார்பும் சிறுத்த இடையும் பெண்ணழகின் இலக்கணமாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கச்சு எஃகு பொருத்திய 'கார்செட்' ஆயிற்று. 1856-ஆம் ஆண்டளவில் பாவாடையை விரித்துக் காட்டும் எஃகு வளையக் கூடும் வந்தது. மேலே இறுக்கம், கீழே கூண்டு. நடுவே பெண்.

இக்கச்சுகளைச் செய்தவர் பெரும்பாலும் ஆடவர் என்பது கருதத்தக்கது. 1675-இல் பாரிஸ் நகரத் தையற்காரிகள் தமக்கெனச் சங்கம் அமைக்கும் உரிமை பெற்றனர். பெண்களுக்கு ஆடை தைக்கலாம் என்றாயிற்று. ஆனால் எலும்புத் தகடு வைத்த கச்சைத் தைக்கும் உரிமையை ஆண் தையற்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்ணின் மேலாடை பெண் கையில். பெண்ணுடலின் வடிவமோ ஆண் கையில்!

வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'மனித உரிமைகள்' என்ற நூலை 1791-இல் வெளியிடத் தொடங்கிய தாமஸ் பெய்ன், இளமையில் கச்சுத் தைக்கும் தொழிலைத் தம் தந்தையாரிடம் பயின்றவர். அடுத்த ஆண்டே, 1792-இல், மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அம்மையார் பெண்ணுரிமை பற்றிய தம் நூலை வெளியிட்டார். தையல் வேலை பெண்களின் எண்ணத்தை அவர்தம் உடலிலும் உடையிலுமே கட்டிப்போட்டு, அறிவைச் சுருக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. ஊசியைப் பெண்ணின் தளை என்றே அவர் கண்டார். 1881-இல் இலண்டனில் தோன்றிய 'அறிவார்ந்த உடைச் சங்கம்' இறுக்கும் கச்சையும் சுமையான ஆடையையும் எதிர்த்தது. பெண் மூச்சு விடுவதற்கும் ஓர் இயக்கம் வேண்டியிருந்தது.

தளையே கருவியாகிறது

உல்ஸ்டன்கிராஃப்ட் கூறியது உண்மை. ஆயினும் முழு உண்மையன்று. தளையாக வந்த ஊசியைச் சில பெண்கள் எழுதுகோலாக மாற்றினர்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஆஷ்பர்ன்ஹாம் என்ற ஊரில் 1813-இல் பிறந்தவள் எலிசபெத் பார்க்கர். ஏழைக் கூலியாளின் மகள். இளம் வயதிலேயே பிறர் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றாள். 1830-ஆம் ஆண்டையொட்டி அவள் தைத்த ஒரு துணி விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் உள்ளது. அதில் பூ இல்லை, பறவை இல்லை, கரை இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டிழையால், சிறு சிறு சிலுவைத் தையல்களாக, வரிவரியாக எழுத்து. தனக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, நெருங்கிய ஒருவரிடம் பேசுவது போல் தன் கதையைச் சொல்கிறாள். வேலைக்குப் போன இடத்தில் பட்ட கொடுமை, ஓர் எசமானன் தன்பால் நடந்துகொண்ட முறை, உயிரை விட்டுவிடத் தோன்றிய நினைவு, அதனால் வந்த குற்ற உணர்வு ஆகிய யாவும் அதில் உண்டு. தன் ஆன்மா என்னவாகும் என்று கேட்கும் இடத்தில், வாக்கியம் முடியாமலே தையல் நின்றுவிடுகிறது. கீழே வெறுந்துணி.

அடக்கத்தைக் கற்பிக்க வந்த அதே சாம்ப்ளர் தையலில், அடக்கப்பட்டவள் தன் துயரை எழுதிவிட்டாள்! அவள் உடலுக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல வீட்டிலும் ஊரிலும் இடமில்லாதபோது, துணி இடங்கொடுத்தது. அவள் பின்னர் அவ்வூரிலேயே ஆசிரியையாகி, தன் உடன்பிறந்தாளின் மகளை வளர்த்து, 1889-இல் மறைந்தாள் என்று அறியும்போதுதான் நம் நெஞ்சு ஆறுதல் அடைகிறது.

ஊசியின் குரல் இருபதாம் நூற்றாண்டில் இன்னும் உரத்து ஒலித்தது. இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்ட பெண்கள் தாங்களே தைத்த பட்டுக்கொடிகளை ஏந்தி 1908-இல் இலண்டன் வீதிகளில் அணிவகுத்தனர். சிறைப்பட்ட பெண்கள் 1909 முதல் உண்ணாவிரதம் மேற்கொண்டனர். அதிகாரிகள் குழாயைச் செலுத்தி வலுவில் உணவு ஊட்டினர். பெண்ணின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சிறைக்கூடத்தில் எழுந்தது. 1912-இல் ஹாலோவே சிறையில் இருந்த பெண்கள் தத்தம் பெயரைக் கைக்குட்டையில் தைத்தனர். அத்தகைய ஒன்றில் 66 பெண்களின் கையொப்பங்கள் உள்ளன. மென்மையின் அடையாளமான கைக்குட்டை, போராட்டத்தின் வருகைப் பதிவேடு ஆயிற்று.

அறுபத்தாறு என்ற எண் நம் மண்ணிலும் வருகிறது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆடவர் அதே சிறையின் வேறு பகுதியில். கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவியின் நிலை கணவனுக்குத் தெரியாது. எத்தல் மல்வானி என்ற கனடா நாட்டு அம்மையார், மருத்துவமனை நோயாளிகளுக்குப் போர்வை தைக்கலாம் என்று யோசனை கூறினார். ஒவ்வொருத்திக்கும் ஒரு சிறு சதுரத் துணி. தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதில் தைத்துப் பெயரிட வேண்டும். பூக்கள், வீடுகள், நாட்டுப் படங்கள், சிறைச்சுவர் எனப் பலவற்றையும் அவர்கள் தைத்தனர். மூன்று போர்வைகள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். சிறை அதிகாரிகளுக்கு அவை வெறும் போர்வை. பெயரைக் கண்டறிந்த கணவன்மார்க்கோ, மனைவி உயிருடன் இருக்கிறாள் என்ற கடிதம். அவற்றுள் இரண்டு இன்று கான்பெரா போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

கலைக்கூடம் திறந்த கதவு

1770-இல் மூடிய கதவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் கலைஞர்கள் தட்டித் திறந்தனர். அமெரிக்க ஓவியர் ஜூடி சிகாகோ, நூற்றுக்கணக்கான துணையாளர்களுடன் 1974 முதல் 1979 வரை உழைத்து 'விருந்து' என்ற பெரும்படைப்பை உருவாக்கினார். முக்கோண மேசை; ஒவ்வொரு பக்கமும் 48 அடி. வரலாற்றிலும் தொன்மத்திலும் புகழ்பெற்ற 39 பெண்களுக்கு இருக்கை. ஒவ்வொருத்தியின் தட்டுக்குக் கீழும் அவள் காலத்துத் தையல் முறையில் அமைந்த விரிப்பு. தரையில் மேலும் 999 பெயர்கள். தட்டுகளில் பெரும்பாலானவை பெண்ணுறுப்பை மலராகவும் வண்ணத்துப்பூச்சியாகவும் காட்டுவன. சான்பிரான்சிஸ்கோவில் 1979-இல் முதன்முதல் வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டனர், கண்டனமும் திரண்டது. 2007 முதல் அது நியூயார்க் புரூக்ளின் அரும்பொருளகத்தில் நிலையாக உள்ளது.

கண்டித்தவர் அனைவரும் பழமைவாதிகள் அல்லர். அறிவாலும் தொண்டாலும் உயர்ந்த பெண்களை மீண்டும் உடலாகவே காட்டலாமா என்று பெண்ணுரிமையாளரே கேட்டனர். மேசையில் இடம்பெற்ற ஒரே கறுப்பினப் பெண்ணான சோஜர்னர் ட்ரூத்துக்கு மட்டும் பிறர்க்குரிய வடிவம் இன்றி முகங்கள் தீட்டப்பட்டது ஏன் என்று கறுப்பின எழுத்தாளர்கள் கேட்டனர். கறுப்பினப் பெண்ணுக்குப் பெண்ணுடலும் மறுக்கப்படுமோ என்ற அக்கேள்வி கூர்மையானது.

அதற்குத் தக்க விடையை மற்றொரு பெண் துணியிலேயே தந்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 1930-இல் பிறந்த ஃபெய்த் ரிங்கோல்டின் முன்னோர் அடிமைகள்; போர்வை தைத்தவர்கள். தாயார் வில்லி போசி உடை வடிவமைப்பாளர். தாயும் மகளும் சேர்ந்து 1980-இல் முதல் ஒட்டுப் போர்வையைத் தைத்தனர். பின்னர் ரிங்கோல்ட் கதையும் ஓவியமும் கலந்த போர்வைகளைப் படைத்தார். 'ஆண்ட் ஜெமைமா' என்ற பணியாரமாவு வணிகச் சின்னம் பருத்த கறுப்பினப் பணிப்பெண்ணை எள்ளி நகையாடும் உருவம். 1983-இல் ரிங்கோல்ட் அவளையே தலைவியாக்கி, சொந்த வாணிகம் நடத்தும் பெண்ணாகப் போர்வையில் தைத்தார். அந்நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டதோ 2021-இல்தான்!

1986-இல் அவர் தம் உடலையே பொருளாக்கினார். நூறு பவுண்டுக்கு மேல், அதாவது 45 கிலோவுக்கு மேல், எடை குறைத்த கதையை 'மாற்றம்' என்ற போர்வையில் எழுதினார். குழந்தைப் பருவம் முதல் நடுவயது வரையிலான புகைப்படங்களைத் துணியில் பதித்து, இடையிடையே எழுத்தைச் சேர்த்தார். உலகம் விதித்த மெலிவுக்கு அவர் பணிந்தாரா, அல்லது தம் உடலைத் தாமே ஆள முடிவு செய்தாரா? பார்ப்பவர் இரண்டையும் எண்ண வேண்டியிருக்கிறது. ஆனால் கதையைச் சொல்பவர் அவரே. எடைக்கல்லும் அளவு நாடாவும் பிறர் கையில் இல்லை. 2024-இல் அவர் மறைந்தார்.

1911-இல் பாரிசில் பிறந்த லூயி பூர்ஷ்வாவின் வரலாறும் இவ்வகையில் சுவையானது. அவர் குடும்பத்தார் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டு விற்றவர்கள். நைந்துபோன கீழ்ப்பகுதியில் மறைந்த கால்களைச் சிறுமியான அவர் வரைந்து கொடுப்பார். ஆடையற்ற உருவங்களை நாணிய அமெரிக்கச் செல்வர்க்காகத் தாயார் அவ்வுறுப்புகளை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் பூக்களை அமைப்பார் என்று அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். முதுமையில் அவர், தாம் உடுத்த பழந்துணிகளையும் துவாலைகளையும் கொண்டு பெண்ணுருவங்களைத் தைத்தார். தழும்பு போல் தையல் வெளியே தெரியும். கருவுற்ற வயிறு, தளர்ந்த மார்பு, இழந்த கை, கால் எதையும் அவர் மறைக்கவில்லை. தாய் வெட்டி மறைத்ததை மகள் மீண்டும் தைத்து வைத்தாள் எனலாம். நெய்தொழிலறிந்த தாயை நினைந்து அவர் 1999-இல் அமைத்த பெரிய சிலந்திச் சிற்பத்துக்கு 'அம்மா' என்பதே பெயர்.

நாம் கற்பது என்ன?

ஊசி தானாக நல்லதுமன்று, தீயதுமன்று. அறவுரையைத் தைக்கச் செய்து பெண்ணை அடக்கியதும் அதுவே. அடக்கப்பட்டவளின் குரலைக் காத்ததும் அதுவே. இடையை இறுக்கிய தையலும், தழும்பை ஒளிக்காமல் காட்டிய தையலும் ஒரே கலையின் இரு நிலைகள். வேறுபாடு இழையில் இல்லை. எதைத் தைப்பது என்று முடிவு செய்பவர் யார் என்பதிலேயே உள்ளது.

நம் வீடுகளிலும் பாட்டிமார் தைத்த தலையணை உறைகளும் மேசை விரிப்புகளும் பெட்டியடியில் கிடக்கலாம். அவற்றில் பூக்களும் கிளிகளுமே இருக்கலாம். அடுத்த முறை வெளியே எடுக்கும்போது விரித்துப் பாருங்கள். எந்த ஆண்டில், எந்த வீட்டில், எந்த வேலைகளுக்கிடையில் தைத்தார் என்று கேட்க அவர் இருப்பாராயின் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். புலவனை நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டது நம் இலக்கணம். நூற்ற பெண்ணையும் புலவராக எண்ணி, அவர் விட்டுச்சென்ற நூலைப் படிக்க வேண்டியது நம் கடமை.